உடையும் பொருள் வாங்குவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினாலே ஐரோப்பியச் சுற்றுலா விளம்பரங்கள் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வரத் தொடங்கிவிடும். பாரிஸ், சுவிட்சர்லாந்து, இன்ஸ்ப்ரூக், வெனிஸ், ரோம் எல்லாம் ஒரே சுற்றில். கூடவே எதைப் பார்க்கலாம், சைவச் சாப்பாடு கிடைக்குமா, ஸ்வெட்டர் எத்தனை வேண்டும் என்று கட்டுரைகளும் வருகின்றன. அங்கே ஆசையாக வாங்கும் கண்ணாடியையும் பீங்கானையும் முழுசாக வீடு கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. சுற்றுலா நிறுவனங்கள் தரும் பயணக் கையேட்டிலும் அது இல்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பியூரெட், பிப்பெட், குடுவை, புனல் என்று ஒவ்வொரு கல்வியாண்டும் வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதும், உடைந்ததைப் பதிவேட்டில் எழுதுவதும் என் வேலை. அந்தப் பழக்கத்தில் ஒன்றை அடித்துச் சொல்வேன். வெளியே நசுங்கிப்போன பெட்டிக்குள் எல்லாம் முழுசாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத பெட்டியைத் திறந்தால் உள்ளே தூளாகிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். உள்ளே பொருள் அசைவதற்கு இடம் இருந்ததா என்பதுதான் வித்தியாசம். கண்ணாடிக்குக் கண்ணாடிதான் முதல் எதிரி. இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று உரசினால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அப்புறம் ஒரு சின்ன குலுக்கல் போதும், அந்தக் கீறலில் தொடங்கி விரிசல் ஓடிவிடும்.

சமீபத்தில் ஒரு சுற்றுலாக் குழுவோடு ஐரோப்பா போய்வந்தேன். குழுவில் பெரும்பாலும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். பேரப்பிள்ளைக்கு, சம்பந்தி வீட்டுக்கு, மருத்துவமனையில் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மாவுக்கு என்று ஒவ்வொரு பொருளும் ஒரு முகத்தை மனதில் வைத்து வாங்கியது. சென்னையில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது அதில் பல உடைந்திருந்தன. எல்லாமே தவிர்த்திருக்கக்கூடிய உடைசல்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வெனிஸ் பக்கத்தில் உள்ள முரானோ தீவைச் சொல்ல வேண்டும். நெருப்புக்குப் பயந்து, வெனிஸ் நகருக்குள் இருந்த கண்ணாடி உலைகளையெல்லாம் 1291-இல் அந்தத் தீவுக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் அங்கே உலைக்கூடத்தில் நம்மை உட்காரவைத்துச் செய்து காட்டுகிறார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்த கண்ணாடிக் குழம்பை இரும்புக் குழாயின் நுனியில் எடுத்து, இடுக்கியால் இங்கே ஒரு இழுப்பு, அங்கே ஒரு கிள்ளு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரை வந்துவிடுகிறது. கைதட்டிவிட்டு எல்லோரும் பக்கத்துக் கடைக்குள் நுழைகிறோம். அந்தக் குதிரை மாதிரியே ஒன்றை வாங்காமல் வெளியே வருவது கஷ்டம்.

கடையில் வாங்குவது உலை அடுப்பில் பல மணி நேரம் மெதுவாக ஆறவைத்த பொருளாக இருக்க வேண்டும். சட்டென்று குளிர்ந்த கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும், பின்னால் யாரும் தொடாமலேயே அது வெடிக்கலாம். நல்ல பட்டறைகள் ஆறவைக்காததை விற்பதில்லை. வெனிஸ் தெருக்களில் மலிவாகக் கிடைக்கும் எல்லாம் முரானோவில் செய்தது கிடையாது. ‘வெத்ரோ ஆர்டிஸ்டிகோ முரானோ’ என்ற முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விலை கூடுதல்தான். பத்துச் சின்ன உருப்படிகள் வாங்கும் காசுக்கு நல்லதாக ஒன்று வாங்குங்கள் என்பேன். சுமந்துவருவதும் எளிது, பார்த்துக்கொள்வதும் எளிது.

சரி, குதிரையைக் கட்டும் விதத்துக்கு வருகிறேன். எல்லோரும் செய்வது, குதிரையை எடுத்து பபிள் ராப்பில் இறுக்கமாக நாலு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டிவிடுவது. சுற்ற வேண்டியதுதான், ஆனால் அது கடைசி வேலை. குதிரையில் உடைவது கால், வால், காது. பபிள் ராப்பை இறுக்கினால் அந்த இறுக்கம் முழுக்கப் போய் விழுவது இந்த மெல்லிய இடங்களில்தான். முதலில் மெல்லிய டிஷ்யூ தாளைச் சிறு சிறு உருளைகளாகச் சுருட்டி, வயிற்றுக்கு அடியில், நான்கு கால்களுக்கு நடுவில், கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் இடையில் என்று வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். திணிக்கக் கூடாது. இடம் அடையும்வரை வைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் அது குதிரை என்றே தெரியாமல் ஒரு குட்டித் தலையணை மாதிரி ஆகிவிடும். அதன்மேல்தான் பபிள் ராப். டேப்பைக் கண்ணாடியில் படவிடாதீர்கள், மேலே தங்கத் தகடு வேலை இருந்தால் டேப்போடு பிய்ந்து வந்துவிடும்.

அதை ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் நாலு விரல் அகலத்துக்குக் கசக்கிய காகிதமோ காலுறைகளோ இருக்கட்டும். மூடிவிட்டுக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டாலோ, உள்ளே ஏதோ நகர்வது கையில் தெரிந்தாலோ, திறந்து மறுபடி நிரப்ப வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. எங்கள் குழுவில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

கசக்கி நிரப்புவதற்கு நாளிதழ் அருமையான காகிதம். ஆனால் வெள்ளைப் பீங்கான்மேல் நேரடியாகச் சுற்ற வேண்டாம். மினுக்குப் பூச்சு இல்லாத அடிப்பாகத்தில் அச்சு மை ஏறினால் எளிதில் போகாது. முதல் சுற்று வெள்ளைத் தாள், அதற்கு மேல் நாளிதழ்.

தட்டுகளுக்கு வேறு கணக்கு. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்து நீலப் பீங்கான் பிரசித்தம், அங்கே ராயல் டெல்ஃப்ட் ஆலை 1653-இல் தொடங்கியது. அந்தத் தட்டுகளை வாங்குகிறவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்கிவிடுகிறார்கள். அப்படி வைத்தால் மேலே விழும் பாரம் எல்லாம் அடித்தட்டின் நடுவில் இறங்கும். தட்டைத் தனித்தனியாகச் சுற்றி, விளிம்பில் நிற்கும்படி செங்குத்தாக அடுக்க வேண்டும். கோப்பை என்றால் உள்ளே காலுறையை அடைத்து, காதைச் சுற்றித் தனியாக ஒரு சுருள் காகிதம். நீண்ட காம்பு உள்ள ஒயின் கிளாஸ் செட்டை எடுத்துவருவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அது வேண்டும் என்றால் கடைக்காரரே இன்ஷூரன்ஸோடு அனுப்பித்தருவார். உடைந்தால் மாற்றித் தருவீர்களா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கூரியரில் வரும் பொருளுக்குச் சுங்க வரி உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். நாம் கையோடு கொண்டுவந்தால் கிடைக்கும் சலுகை அதற்குக் கிடையாது.

ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் பக்கம் வாட்டென்ஸில், கிரிஸ்டல் கண்ணாடிப் பொருள்கள் செய்யும் ஸ்வரோவ்ஸ்கியின் காட்சிக்கூடத்துக்கு எல்லாக் குழுக்களையும் அழைத்துப்போகிறார்கள். அங்கே வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் தரும் பெட்டி அந்தந்த உருவத்துக்கு அளவெடுத்துச் செய்தது. இடத்தை அடைக்கிறது என்று அந்தப் பெட்டியைத் தூக்கி எறியாமல் இருந்தால் போதும்.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், டிட்டிசே ஏரிக்கரைக் கடைகளில் விற்கும், மணியடிக்கும்போது குருவி வெளியே வந்து கூவும் குக்கூ கடிகாரம்தான் மிகவும் சிக்கலானது. பார்க்க மரம், அதனால் உடையாது என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே குருவியின் இரண்டு சுருதிக்காக இரண்டு சின்னத் துருத்திகள், மணி ஒலிக்கச் சுருள் கம்பி, கீழே தொங்கும் சங்கிலிகள். ஊசியிலை மரக்காய் வடிவத்தில் வார்ப்பிரும்பு எடைகள். தினமும் முடுக்கும் கடிகாரத்துக்கு ஒவ்வொன்றும் முன்னூறு கிராம் சுமார், எட்டு நாள் கடிகாரத்துக்கு ஒன்றரைக் கிலோ. அந்த இரும்பைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பெட்டியில் போட்டால், மேலே செதுக்கியிருக்கும் இலையையும் பறவையையும் அதுவே உடைத்துவிடும். எடைகளைக் கழற்றி, காலுறைக்குள் போட்டு, சூட்கேஸில் சக்கரம் இருக்கும் பக்கம் தனியாக வையுங்கள். பெண்டுலத்தையும் தனியாகச் சுற்ற வேண்டும்.

நல்ல கடைக்காரர்கள் துருத்திகளைக் கிளிப்போ அட்டைத்துண்டோ வைத்து அடக்கி, சுருள் கம்பிக்குப் பஞ்சு கொடுத்து, சங்கிலிகள் உள்ளே ஓடிவிடாமல் ஒரு கம்பியைக் கோத்துத் தருவார்கள். ஹோட்டல் அறையில் நண்பர்களுக்குக் காட்டுவதற்காக அதைப் பிரிக்கவே கூடாது. வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டிய பிறகு எல்லாவற்றையும் எடுக்கவும் மறக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர், கடிகாரம் ஓடுகிறது, குருவி மட்டும் கத்தவில்லை, கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டான் என்று வாட்ஸ்அப் குழுவில் வருத்தப்பட்டு எழுதினார். வீடியோ அழைப்பில் பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். இரண்டு துருத்தியிலும் கிளிப் அப்படியே இருந்தது. எடுத்ததும் குருவி கூவியது.

உடையும் பொருள் கையில் வரவேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. பெரும்பாலான விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ அனுமதி. அந்த 7 கிலோவை ஸ்வெட்டருக்கும் பிஸ்கட்டுக்கும் செலவழிக்காமல் கண்ணாடிக்கு ஒதுக்குங்கள். விமானத்தில் தலைக்கு மேல் உள்ள அறையில் வைத்தால், பின்னால் வருகிறவர் தன் பெட்டியைத் திணிக்கும்போது நாம் ஒன்றும் செய்ய முடியாது. முன் இருக்கைக்கு அடியில், காலருகே வையுங்கள். எக்ஸ்ரேயால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கண்ணாடி உருண்டைக்குள் நீர் நிரப்பி, குலுக்கினால் பனி பெய்கிற பொம்மை இருக்கிறதே, குழந்தைகளுக்கு அதைப் பார்த்தால் விடவே மனம் வராது. 1900-இல் வியன்னாவில் எர்வின் பெர்சி தொடங்கிய அந்தத் தொழிலை அவர் குடும்பம் இன்றும் நடத்துகிறது. உள்ளே இருப்பது திரவம் என்பதால், கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி உள்ள விமான நிலையங்களில் அது இதற்கும் பொருந்தும். நடுவில் துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறினால் அங்கேயும் ஒரு சோதனை உண்டு. குழுவில் ஒரு தாத்தா பேத்திக்காக வாங்கிய உருண்டையை அப்படி ஒரு சோதனை மேசையில் விட்டுவிட்டு வர நேர்ந்தது. பெரிய உருண்டை என்றால் அதை மட்டும் செக்-இன் பெட்டியின் நடுவில், சுற்றிலும் துணி வைத்து, தண்ணீர் புகாத பையில் போட்டு அனுப்புங்கள்.

செக்-இன் பெட்டியில் எதை அனுப்பினாலும், பெட்டி நிற்கும்போது எது கீழே வரும் என்று பார்த்து அடுக்க வேண்டும். சக்கரப் பக்கம் கனமான காலணி, இரும்பு. நடுவில் கண்ணாடி. ஓரங்களில் எல்லாம் துணி. படுக்கவைத்து அடுக்கிவிட்டு நிமிர்த்தினால் கனமெல்லாம் சரிந்து கண்ணாடிமேல் உட்கார்ந்துவிடும். சென்னையில் இறங்கியதும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைக்கவும் வேண்டாம். திருச்சி பேருந்தின் டிக்கியில் பெட்டியை எறியும் வேகம் எந்த விமான நிலையத்து பெல்ட்டுக்கும் குறைந்ததில்லை.

வரித் தொகை திரும்பப் பெறுவதற்கும் பெட்டி கட்டுவதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இத்தாலியில் ஒரு கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வெளிநாட்டுப் பயணிகள் வரியில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கலாம். 2024 பிப்ரவரிக்கு முன்னால் அந்த வரம்பு 150 யூரோவைத் தாண்டியிருந்தது, அதனால் சின்னப் பொருள் வாங்கியவர்களுக்குப் பயன் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். பெட்டியை ஒப்படைத்த பிறகு ஞாபகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பார்த்துப் பார்த்துக் கட்டியதை வரிசையில் நின்று அவசரமாகப் பிரித்தால் அதுவும் வீண். இந்தக் காரணத்துக்காகவும்தான் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயம். ரோம் விமான நிலையத்தில் எங்கள் குழுவில் இருந்த தஞ்சாவூர் ஆசிரியை ஒருவர், பெட்டியில் கண்ணாடிச் சாமான் இருக்கிறது, பத்திரமாக அனுப்புங்கள் என்று கவுண்டரில் சொன்னார். உடனே ஒரு சீட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கூடுதல் கவனத்துக்கான சீட்டு என்று நம்பிக் கையெழுத்திட்டார். பெட்டியின்மேல் கண்ணாடிக் கோப்பைப் படம் போட்ட ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். சென்னையில் பார்த்தால் உள்ளே ஜாடி மூன்று துண்டு. புகார் சொல்லப் போனவரிடம், நீங்கள்தான் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று அந்தச் சீட்டைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லிமிட்டெட் ரிலீஸ் டேக் என்பது அதன் பெயர். சேதம் வந்தால் விமான நிறுவனத்தின் பொறுப்பைக் குறைத்துக்கொள்வதற்கான சீட்டு அது. ஸ்டிக்கரைப் பார்த்து யாராவது மெதுவாக எடுத்துவைக்கலாம், ஆனால் பெல்ட்டுக்கு ஸ்டிக்கர் தெரியாது.

அந்தச் சீட்டோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியால் உடன்படிக்கையில் இத்தாலியும் உண்டு, 2009 முதல் இந்தியாவும் உண்டு. ஒப்படைத்த பெட்டிக்குள் ஏற்பட்ட சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்கிறது அது. பொருளின் இயல்பான குறைபாட்டாலோ தன்மையாலோ நேர்ந்த சேதத்துக்கு மட்டும் விலக்கு. அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனை செல்லாது என்று 26-ஆவது பிரிவு சொல்கிறது. உடைவது கண்ணாடியின் தன்மை என்று அவர்கள் வாதிடத்தான் செய்வார்கள். ஆகவே நன்றாகக் கட்டியிருந்தோம் என்பதற்குச் சான்று நம்மிடம் இருக்க வேண்டும். கட்டுவதற்கு முன், கட்டும்போது, கட்டிய பின் என்று கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். பில்லையும் பெட்டியோடு ஒட்டிய சீட்டின் துண்டையும் தூக்கிப் போடாதீர்கள். பெல்ட்டிலிருந்து எடுத்த பெட்டியில் அடிபட்ட அடையாளம் இருந்தால், அந்த இடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே திறந்து பார்த்து, புகார்ப் படிவத்தை நிரப்பி நகல் வாங்குங்கள். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது என்றால், பெட்டி கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் எழுத்து வடிவில் புகாரைக் கொடுக்கவோ அனுப்பவோ வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. தஞ்சாவூர் ஆசிரியைக்கு இதை யாரும் சொல்லவில்லை. கவுண்டரில் பேசியதோடு புகார் கொடுத்தாயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார், ஏழு நாள் ஓடிப்போய்விட்டது. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். முழுத் தொகையும் கிடைக்கும் என்று சொல்லவில்லை, ஜாடியின் விலையையாவது அவர் கேட்டிருக்கலாம்.

இதில் விமான நிறுவனங்களுக்கும் சுற்றுலா நிறுவனங்களுக்கும் என் கோரிக்கை உண்டு. சென்னைக்கு வரும் விமானத்தில் தமிழ்ப் பயணிகள் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நிறுவனங்களுக்குத் தெரியும். கையெழுத்து வாங்கும் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் நாலு வரி அச்சிடுவது பெரிய செலவில்லை. சுற்றுலா நிறுவனங்கள் கண்ணாடிக் கடைக்கும் கடிகாரக் கடைக்கும் தாங்களே வண்டியை நிறுத்தி அழைத்துப்போகிறார்கள். அப்படியானால் வண்டியில் ஒரு சுருள் பபிள் ராப்பும், சில அட்டைப்பெட்டிகளும், டேப்பும் வைத்திருக்கலாம். கடைசி நாள் ஹோட்டலில் பெட்டி கட்ட அரை மணி ஒதுக்கலாம். எங்கள் குழுவில் கடைசி இரவு பத்து மணிக்கு மேல் அறைக்கு வந்து, விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் கட்டிய பெட்டிகள்தான் பெரும்பாலும் உடைந்தன.

ஆசிரியர் அவர்கள் கோடை விடுமுறைக்கு முன் வரும் பயண இணைப்பிதழில் இந்த விவரங்களுக்கு ஒரு பத்தி இடம் ஒதுக்கிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். இடம் குறைவு என்றால் ஏழு நாள் கணக்கையும் கையெழுத்துச் சீட்டையும் மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
திருவெறும்பூர், திருச்சி.